வாசலில் திரும்பிப் போனவர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் நால்வருக்கும்,

இந்த மாதத்தோடு நான் வேலையிலிருந்து நிற்கிறேன். உட்கார்ந்து அனுபவம் எழுதுவது ஓய்வூதியம் எடுப்பவர்களுக்குரிய வேலை என்று தெரியும். எனக்கு முப்பத்துமூன்று வயதுதான். ஆனாலும் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் தொழில்நுட்பப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டால், ஓய்வு பெற்றவரின் களைப்பு வயதைக் கேட்காமலே வந்துவிடுகிறது. அடுத்ததாகக் கொழும்பில் மின்தூக்கிகளைப் பராமரிக்கும் இடமொன்றுக்குப் போகிறேன். மின்தூக்கியில் ஏறுவதற்கு யாரும் டிக்கட் எடுப்பதில்லை. இப்போதைக்கு எனக்கு அது போதும்.

இயந்திரங்களைப் பற்றி எழுதப்போவதில்லை. நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். காலைப் பரிசோதனைப் பட்டியல் பட்டறைச் சுவரில் தொங்குகிறது, கைநூல்கள் அலுமாரியில் இருக்கின்றன. போன வாரம் தேநீர் வேளையில் உங்களில் ஒருவர் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். “டிக்கட் வெல கூடினதாலதானே மிஸ் சனம் கொறஞ்சிருச்சு?” என்று கேட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டேன். மரியாதைக் குறைவாகப் பட்டிருந்தால் மன்னியுங்கள். அதே கேள்விக்கு ஒருமுறை எழுத்தில் பதில் கொடுத்துக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அந்தப் பதில் பிழை. பிழை என்று தெரியவந்த விதம் அதைவிட மோசம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே விலை கூடியது யாருடைய பேராசையாலும் அல்ல. உதிரிப்பாகங்களுக்கான கோரிக்கைப் படிவங்களை எழுதியவள் நான். முன்பு ஒரு பக்கத்தில் அடங்கியவை, டொலர் ஏறிய பிறகு, ஒவ்வொன்றும் மேலதிகாரிக்கு ஒரு விளக்கக் கடிதத்தோடு போகவேண்டியதாயின. மின்சாரம், காப்புறுதி, இறக்குமதித் தீர்வை எல்லாம் கூடிக்கொண்டே போயின. ஒரே வருடத்துக்குள் நுழைவுக் கட்டணத்தை இரண்டு தடவை கூட்டினார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் சுழல் கோப்பைகள் பாதி வெறுமையாகச் சுற்றின.

எங்கள் முகாமையாளர் அக்குறணைக்காரர். குடும்பத்துக்குப் பிரதான வீதியில் இரும்புக் கடை. என்னைக் கூப்பிட்டு இப்படித்தான் சொன்னார்: “சனம் ஏன் கொறயிது என்டு எனக்கொரு பதில் வேணும் மிஸ். நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெக்கிற ஆள். ரெண்டு கெழம கேட்ல நின்டு பாருங்க.”

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு கொப்பி வாங்கி நிரல்கள் போட்டேன். விலை, மழை, நேரம் போதாது, சுகமில்லை, வேறு. வாசல்வரை வந்துவிட்டு டிக்கட் எடுக்காமல் திரும்பிப் போகிறவர்களை மரியாதையாக நிறுத்திக் காரணம் கேட்பது, சொல்வதை உரிய நிரலில் குறிப்பது. மூன்று மொழியிலும் கேட்டேன்.

மாத்தளையிலிருந்து வந்த ஒரு தகப்பன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். அந்தப் பிள்ளை அப்போது வாசல் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ‘சுகமில்லை’ என்று குறித்தேன். கட்டுகஸ்தோட்டைக் குடும்பமொன்று மழை வரும்போல இருக்கிறது என்றது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ‘மழை’ என்று குறித்தேன். புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு சோடி, சும்மா இடத்தைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தோம் என்றார்கள். அதை ‘வேறு’ நிரலில் போட்டேன்.

டிக்கட் ஜன்னலில் அப்போது மடவளையைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை ராத்தா என்போம், அக்கா என்பதற்கு அவர்கள் வீட்டு வழக்கில் அதுதான் சொல். நான் எழுதுவதை ஜன்னலுக்குள்ளிருந்து நாலைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் சிரித்தார்.

“நீங்க வாய மட்டும் எழுதுறீங்க மிஸ். கைய பாக்கல்லயே.”

என்ன கை என்று கேட்டேன். விலைப் பலகையை வாசிக்கும்போது கை சட்டைப் பைக்குப் போகும், கொஞ்சநேரம் அங்கேயே நிற்கும், பிறகு வெறுமையாகக் கீழே வரும், அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்றார். நானும் சிரித்தேன். பையில் நின்ற கையை எந்த நிரலில் போடுவது? கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலைத்தான் பதிய முடியும் என்று அவருக்கு விளக்கம்கூடக் கொடுத்தேன்.

இரண்டு வார முடிவில் ‘விலை’ நிரலில் அநேகமாக ஒன்றுமே இல்லை. ஆகவே அறிக்கையில், வருகை குறைவதற்கு விலை முக்கிய காரணமாகத் தெரியவில்லை, காலநிலையும் நேரமின்மையும்தான் காரணம், வாசலில் ஒரு மழைக் கூடாரம் போடுவது நல்லது என்று எழுதினேன். கூடாரம் போட்டார்கள். இன்றைக்கும் அது நிற்கிறது. அடுத்த மாதமே விலையை மூன்றாம் தடவையாகக் கூட்டினார்கள். விலையேற்றத்தை அறிவித்த கடிதத்தோடு என் அறிக்கையையும் இணைத்திருந்தார்கள்.

நான் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். ஒரு தைமாதம் பிலிமத்தலாவைச் சப்பாத்துக் கடையில், நான் விரும்பிய சோடியின் அடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்துவிட்டு, என் காலில் போட்டுக்கூடப் பார்க்காமல், “இது ஒனக்கு இறுக்கும்மா” என்று சொன்ன அப்பாவின் மகள். எங்கள் ஆட்கள் எவரும் ஓர் அந்நியர் முன்னால் வாய்திறந்து ‘விலை கட்டாது’ என்று சொல்லமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். கையில் கொப்பி இருந்தபடியால் மறந்துவிட்டேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து செல்வராணி என்பவர் தொலைபேசியில் அழைத்தார். தமிழில் பேசியதால் அலுவலகத்தில் அழைப்பை எனக்குத் தந்துவிட்டார்கள். அவர்களுடைய தோட்டத்துப் பெண்கள் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி, வருடத்தில் ஒருநாள் பிள்ளைகளோடு எங்காவது போய்வருவார்கள். காசு சேர்ப்பதும் பஸ் பேசுவதும் இடம் பார்ப்பதும் செல்வராணி அக்காவின் பொறுப்பு. அந்த வருடம் பிள்ளைகள் யாரோ ஒருவருடைய போனில் எங்கள் கப்பலைப் பார்த்திருக்கிறார்கள். தொட்டில்போல முன்னும் பின்னும் வீசி ஆடும் பெரிய கப்பலைத்தான் சொல்கிறேன். அதைத் தவிர வேறெங்கும் வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்களாம்.

அவர் சேர்த்திருந்தது பழைய விலைக்கு. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த மூன்றாம் விலையேற்றம் வந்துவிட்டது. புதிய விலையைச் சொன்னேன். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ஒரு பேர் விழும் என்பார்கள். பெரியவர் ஒருவருக்கான டிக்கட், அந்தக் கணக்கில், இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல். 

“சரிங்க மிஸ். பாத்துக்கிறோம்,” என்றார். பிறகு, “கப்பல் ஓடும்தானேங்க? புள்ளைகளுக்கு நான் சொல்லிட்டேன். ஆத்தாமாருக்கும் அதச் சொல்லித்தான் காசு வாங்கியிருக்கேன்.”

ஓடும் என்றேன். பதிவேட்டில் ‘உறுதி’ என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பரிசோதனையில், கப்பலில் ஐந்தாவது வரிசையில், மடிக்கு மேல் பூட்டிக்கொள்ளும் கம்பி தானாகத் திறந்துகொண்டது. திரும்பப் பூட்டினேன், நின்றது. மறுபடி பூட்டினேன், நின்றது. நாலாவது தடவை மறுபடி திறந்தது. காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத பிழைக்கு ஒரே விதிதான், ஓட்டுவதில்லை. ‘இன்று இயங்காது’ பலகையை எடுத்துத் தொங்கவிட்டேன்.

எங்கே தொங்கவிட்டேன் என்பதுதான் விடயம். அந்தக் காலத்தில் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. நின்றுபோன சவாரிக்குரிய பலகை, அந்தச் சவாரியின் வரிசையருகே, உள்ளே ஒரு தூணில் தொங்கும். டிக்கட் ஜன்னலில் தொங்காது. ஜன்னலில் போட்டால் பஸ் அப்படியே திரும்பி வேறு இடத்துக்குப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நியாயம். நான் வருவதற்கு முன்பே இருந்த ஏற்பாடு. நான் அதை ஒருநாளும் பொய் என்று நினைத்ததில்லை. பலகை இருக்கிறது, மூன்று மொழியிலும் இருக்கிறது, எழுத்துப் பிழையும் இல்லை.

ஒன்பதரைக்குச் செல்வராணி அக்காவின் நினைவு வந்தது. பஸ் அப்போது கண்டிக்குக்கூட வந்திருக்காது. அவருடைய இலக்கம் அலுவலகத்தில் இருந்தது. நூறு அடி நடந்திருந்தால் போதும். பத்து மணிக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்தேன். நம்மைப்போல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு வரும் வியாதி இது. இன்னும் அரை மணித்தியாலத்தில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில், இப்போதே சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடுவோம். இந்த வியாதி உங்கள் நால்வருக்கும் இருக்கும். இல்லாதவர் இந்த வேலைக்கு வந்திருக்கமாட்டார்.

பத்தேகாலுக்கு ராத்தா அழைத்தார். “மிஸ், ஒங்கட பஸ் வந்தீக்கி. ஆனா பாதிப் பேருக்கு டிக்கட் எடுக்கல்ல போல. கொஞ்சம் வந்து பாருங்க.”

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். ஜன்னலடியில் செல்வராணி அக்கா நின்றார். மெலிந்த உருவம், நாற்பது வயது இருக்கும், கையில் பெயர்கள் எழுதிய தாள். பின்னால் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். தாய்மார் எல்லோரும் கோயிலுக்குப் போவதுபோல உடுத்து, தலையில் பூ வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் முன்னால் வந்து, தனக்குத் தலை வலிக்கிறது, பஸ்ஸிலேயே இருக்கிறேன், பிள்ளைகள் போகட்டும் என்றார். அடுத்தவருக்குச் சுற்றுகிற சாமான்கள் ஒத்துக்கொள்ளாது. இன்னொருவர், பஸ்ஸை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டார். சாரதி பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு பெண்கள். ஒரே காலையில் பன்னிரண்டு பேருக்கும் ஏதோ ஒன்று. என் கொப்பியில் இவர்களைச் ‘சுகமில்லை’ நிரலில் குறித்திருப்பேன்.

செல்வராணி அக்கா எவரையும் வற்புறுத்தவில்லை. தாளில் பன்னிரண்டு பெயர்களுக்கு நேரே கோடு போட்டார். நான் அவரிலிருந்து மூன்று அடி தூரத்தில் நின்றேன். ராத்தா டிக்கட்டைக் கிழிக்காமல் என்னைப் பார்த்தார். கப்பல் நின்றது அவருக்கும் தெரியும். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. முகாமையாளர் அங்கே இல்லை, யாரும் என் வாயைப் பொத்தவில்லை. இவ்வளவையும் கொடுத்து, தாய்மாரை வெளியே விட்டுவிட்டு வருகிறவர்களிடம் ‘நீங்கள் தேடி வந்தது ஓடவில்லை’ என்று சொல்ல எனக்கு முகமில்லை, அவ்வளவுதான். ராத்தா டிக்கட்டுகளைக் கிழித்தார். பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள்.

இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியதுதான்.

அவர்கள் நேரே கப்பலுக்குத்தான் ஓடினார்கள். பலகையை வாசித்துவிட்டு, வாசித்தது சரிதானா என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்டார்கள். செல்வராணி அக்கா அவர்களுக்குப் பின்னால் வந்தார்.

“மிஸ்தானேங்க போன்ல பேசினது?”

ஆமாம் என்றேன்.

“எப்ப நின்னுச்சு?”

“காலையில, அக்கா. ஆறரைக்கு.”

கொஞ்சநேரம் கப்பலைப் பார்த்தார். “வாசல்ல சொல்லியிருந்தீங்கன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிருப்பேன். பேராதனப் பூந்தோட்டத்துக்காவது போயிருப்போம். ஆத்தாமாரும் எறங்கியிருப்பாங்க.” குரலை உயர்த்தவே இல்லை. “இப்ப வெளிய இருக்கிறவங்க என்னயத்தான் கேப்பாங்க. மிஸ்ஸ யாரும் கேக்கமாட்டாங்க. ஏழு வருசமா நான்தான் காசு வாங்குறேன். யாரும் ஒரு துண்டு கேட்டதில்ல.”

துண்டு என்றால் பற்றுச்சீட்டு. அந்த லயங்களில் அவருக்கு இருந்த சொத்து அதுதான், யாரும் அவரிடம் துண்டு கேட்டதில்லை. இனிக் கேட்பார்கள்.

அந்த நேரம் முகாமையாளர் வந்தார். பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் அழத் தொடங்கியிருந்தார்கள். அவரும் பிள்ளை பெற்ற மனிதர். ஐந்தாவது வரிசையைக் கயிறு கட்டி மூடிவிட்டு மற்ற வரிசைகளை ஓட்டமுடியாதா என்று கேட்டார். கெட்ட யோசனையாகத் தெரியவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. செல்வராணி அக்காவும் அதைப் பிடித்துக்கொண்டார்.

“பலமா வேணாங்க மிஸ். மெதுவா ரெண்டு ஆட்டு. ஏறி எறங்கினோம்னு இருந்தாப் போதும்.”

நீங்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. மேலிடத்திலிருந்து வரும் நெருக்குதலைத் தாங்குவதற்குப் பயிற்சியில் சொல்லித்தந்திருப்பார்கள். எனக்கு வந்தது அதுவல்ல. கப்பலை ஓட்டவேண்டும் என்று அந்த இடத்தில் மிக அதிகமாக விரும்பியவள் நான்தான். ஓடினால் செல்வராணி அக்காவின் சொல் நிற்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள், நான் வாசலில் வாய் திறக்காமல் நின்றதும் நடக்காத மாதிரி ஆகிவிடும். சாவி என் கையில் இருந்தது. 

செய்த பிழைக்கு ஈடாக இயந்திரத்தை ஓட்டாதீர்கள். நான் ஒன்பது வருடத்தில் கற்றதில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

“ஏலாது சேர்,” என்றேன். “ஒரு கம்பி ஏன் திறந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அது தெரியும்வரைக்கும் மத்தக் கம்பியப் பத்தியும் எனக்குத் தெரியாது.” செல்வராணி அக்காவிடம், “மன்னிச்சிருங்க அக்கா” என்றேன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது ஐந்தாவது வரிசைப் பூட்டில் ஒரு வெடிப்பு இருந்தது, இரண்டாவது வரிசையிலும் அதே வெடிப்பு இருந்தது. அதை வைத்து என்னைப் பாராட்டவேண்டாம். அன்று எனக்கு அது தெரியாது. வெடிப்பு இல்லாமல் இருந்திருந்தாலும் செய்யவேண்டியது அதேதான்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று முகாமையாளரிடம் கேட்டேன். கிழித்த டிக்கட்டைத் திருப்ப இயலாது, இந்த மாதச் சம்பளத்துக்கே இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். அதுவும் உண்மை. சற்று நின்று யோசித்துவிட்டு, வெளியே இருக்கும் பன்னிரண்டு பேரையும் டிக்கட் இல்லாமல் உள்ளே எடுங்கள் என்று அவராகவே சொன்னார். நான் செல்வராணி அக்காவோடு வாசலுக்கு வெளியே போனேன். நல்ல செய்தி கொண்டுபோவதாக நினைத்துக்கொண்டு போனேன்.

அவர்கள் பஸ்ஸின் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சோற்றுப் பார்சல்கள் நடுவில் இருந்தன. சாரதியின் வெற்றிலையைப் பற்றி யாரோ ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே வாருங்கள், டிக்கட் தேவையில்லை என்றேன்.

யாரும் எழும்பவில்லை. முதலில் தலைவலி என்று சொன்னவர், மஞ்சள் சேலை கட்டியிருந்தார், “வலி இன்னும் விடலங்க மிஸ்” என்றார். ஒத்துக்கொள்ளாது என்றவருக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இலவசமாக வா என்று கூப்பிட்டு, அவர்கள் சொன்ன காரணங்களை அவர்கள் முகத்துக்கு நேரே நான் உடைக்கப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்குள் ஒரு சிறுமி வாசலுக்கு ஓடிவந்து கம்பிக்கு அப்பால் நின்று கத்தினாள். “அம்மா, கப்பல் ஓடலயாம்!”

பன்னிரண்டு பேரும் செல்வராணி அக்காவைப் பார்த்தார்கள். மஞ்சள் சேலைக்காரர் மெதுவாகத்தான் கேட்டார்.

“கப்பல்னு சொல்லித்தானே ராணி காசு வாங்கின?”

செல்வராணி அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையிலிருந்த தாளை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார்.

“அவங்க மேல பிழையில்லைங்க,” என்றேன். எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் சொல்ல வரும். “ஓடும்னு போன்ல சொன்னது நான். காலையில நிப்பாட்டினது நான். இவங்களுக்கு அறிவிக்காம விட்டது நான். இவங்க டிக்கட் எடுக்கையில பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணும் சொல்லாம இருந்ததும் நான்.”

“ஏன் சொல்லல?” என்று ஒருவர் கேட்டார்.

“சொன்னா நீங்க திரும்பிப் போயிருவீங்கன்னு.”

வருடக்கணக்காக உள்ளே தூணில் பலகையைத் தொங்கவிட்ட காரணத்தை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்டது.

மஞ்சள் சேலைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “திரும்பிப் போறது எங்க இஷ்டமில்லையாங்க மிஸ்?”

  அடுத்ததையும் அவரே கேட்டார்.

“மிஸ் எந்தத் தோட்டம்?”

கலஹாப் பக்கம் என்றேன்.

“அப்பத் தெரிஞ்சிருக்கும்,” என்றார். எது தெரிந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் சோற்றுப் பார்சல்களைக் கைமாற்றி வைக்கத் தொடங்கினார்கள்.

மதியம் பிள்ளைகள் வெளியே வந்து தாய்மாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளியே போனவர் திரும்ப உள்ளே வர மறுபடி டிக்கட் எடுக்கவேண்டும் என்பது விதி. ராத்தா வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தொழப் போய்விட்டார். பிள்ளைகள் திரும்ப உள்ளே ஓடினார்கள். யாரும் எண்ணவில்லை.

நான் போய்த் தூணிலிருந்த பலகையைக் கழற்றினேன். டிக்கட் ஜன்னலில், விலைப் பலகைக்குப் பக்கத்தில், வாசிக்கிறவரின் கண்மட்டத்தில் ஆணி அடித்து மாட்டினேன். முகாமையாளர் அலுவலக வாசலில் நின்று பார்த்தார். கழற்றச் சொல்லவில்லை. அந்த ஆணியில்தான் இன்றைக்கும் அது தொங்குகிறது. அதனால் திரும்பிப்போன பஸ்கள் உண்டு. அவற்றை நான் ஒரு கொப்பியிலும் எழுதவில்லை.

அறிக்கையைத் திருத்தி ஒரு கடிதம் கொடுத்தேன். மக்கள் சொன்ன காரணத்தை உண்மையான காரணம் என்று பதிந்துவிட்டேன், விலை அவர்களைத் தடுக்கிறது, அதை அவர்கள் சொல்லமாட்டார்கள் என்று எழுதினேன். வாசித்தார்கள். விலை குறையவில்லை. குறைக்க இயலுமா என்று எனக்கும் தெரியாது. உங்களில் ஒருவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். விலையால் வராதவர்கள் உண்டு, அவர்களைப் பொறியியலாளர் திரும்பக் கொண்டுவர முடியாது. விலையையும் எப்படியோ சமாளித்து வந்துவிட்டு, பிறகு வராமல் போகிறவர்களும் உண்டு. அவர்கள் நம் பிழையின் கணக்கில் வருகிறார்கள்.

அன்று மூன்று மணிபோலப் பஸ் புறப்பட ஆயத்தமானது. முகாமையாளர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“இவங்க இனி வருவாங்களா மிஸ்?”

“மாட்டாங்க சேர்.”

“வெலக்கா?”

“யாரும் வெலையப் பத்தி ஒரு வார்த்தகூடச் சொல்லல்ல சேர்.”

அவர் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

பிள்ளைகள் ஏறி, பிறகு தாய்மார் ஏறினார்கள். செல்வராணி அக்கா கடைசியாக, கதவடியில் நின்று தலைகளை எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். எண்ணி முடிந்த பிறகும் ஏறாமல் மிதிபலகையில் கைவைத்தபடி நின்றார். உள்ளே என்ன முகங்களைப் பார்க்கவேண்டிவரும் என்று அவருக்குத் தெரியாது. மஞ்சள் சேலைக்காரர் முன் ஆசனத்தில் இருந்தார். மடியில் தூங்கிப்போன பிள்ளையை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் இடம் பண்ணினார்.

“ஏறு ராணி. மாசி மாசத்துலேர்ந்து காசு சேக்கணும். அடுத்த வருசம் எங்க போறதுன்னு நீ இப்பவே பாரு.”

செல்வராணி அக்கா ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்தார். பஸ் எங்கள் வாசலைச் சுற்றித் திரும்பி, மடவளைப் பக்கம் இறங்கிப் போனது.